நல்லதைச் சொன்னாலும் கேட்பதில்லையா?



"நல்லதைச் சொன்னாலும் இவர்கள் கேட்கமாட்டார்கள்." ஏழைகளைப் பற்றி நம்மிடையே மிக இலகுவாக வெளிவரும் வாக்கியங்களில் இதுவும் ஒன்று. பங்குச் சபைக் கூட்டத்திலே இதனைக் கேட்கலாம். கமநல நிலையத்தின் வாசலிலே கேட்கலாம். உதவிப் பணம் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் நல்ல மனிதரின் வாயிலும் கேட்கலாம். சொல்பவர் கெட்டவரல்லர். பெரும்பாலும் ஏழைக்காக நேரமும் பணமும் செலவிட்டவரே இவ்வாறு சலித்துக்கொள்கின்றார். ஆயினும் இவ்வாக்கியம் ஒரு தீர்ப்பு. ஒரு மனிதனின் அறிவையும் மனத்தையும் பற்றி, அவன் இல்லாத இடத்தில், அவனை விசாரியாமல் வழங்கப்படும் தீர்ப்பு. அப்படித் தீர்ப்பிட நமக்கு உரிமை உண்டா? இவ்வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட கேள்வி அதுவே.

வெறும் தத்துவமாகப் பேசினால் இத்தகைய கேள்விகள் காற்றிலே கரைந்துவிடும். ஆகவே நெல்லை வைத்துப் பேசுவோம்.

நமது கரையைத் தொடும் இதே இந்து சமுத்திரத்தின் மேற்கு ஓரத்தில், ஆபிரிக்காவின் அருகே மடகாஸ்கர் தீவு கிடக்கின்றது. ஆபிரிக்கா அருகில் இருந்தாலும், அதன் மக்களுடைய மூதாதையரில் ஒரு பெரும் பகுதியினர் கிழக்கே போர்ணியோப் பக்கத்திலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். மொழியறிஞர் இதனை நெடுங்காலமாகவே சொல்லி வந்தனர். மலகாசி மொழிக்கு மிக நெருங்கிய உறவுமொழி போர்ணியோவின் பரிட்டோ ஆற்றுப் பகுதியில் இன்றும் பேசப்படுகின்றது. 2016ஆம் ஆண்டில் வெளியான தொல்லியல் ஆய்வொன்று இதற்கு மண்ணிலிருந்தே சாட்சி தேடித் தந்தது. மடகாஸ்கரிலும் அயலிலுள்ள கொமோரோத் தீவுகளிலும் பழைய குடியிருப்புக்களின் மண்ணைச் சலித்துப் பார்த்தபோது, கருகிய நெல்லும் பயறும் அகப்பட்டன. எதிரே உள்ள ஆபிரிக்கக் கரையின் தானியங்களைக் காட்டிலும் தூரத்து ஆசியாவின் தானியங்களே அங்கு மேலோங்கி நின்றன. குடிபெயர்ந்த மனிதன் தன் மொழியோடு தன் சோற்றையும் எடுத்துச் சென்றிருக்கிறான்.

இன்றும் அவர்கள் நம்மைப் போன்று, ஏன், நம்மிலும் மேலாகச் சோற்றை நம்பி வாழும் மக்கள். முடிந்தவர்கள் மூன்று வேளையும் சோறு உண்பர். நடுப்பகுதியிலுள்ள உயர்நிலத்தில் சரிவுகளை வெட்டிப் படிக்கட்டு வயல்களாக்கியிருக்கிறார்கள். அவற்றுக்கு மேலே சிவந்த மண்மேடுகள். மழையில் அரிந்து பெரும் பள்ளங்களாக வாய் பிளந்து நிற்கின்றன. இத்தனை உழைப்புக்கும் விளைச்சல் மட்டும் குறைவு. சென்ற நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஹெக்டெயருக்கு ஏறத்தாழ 2 தொன்; நமது கணக்கிற் சொன்னால் ஏக்கருக்கு 40 புசலுக்குச் சற்றுக் குறைவு.

1961ஆம் ஆண்டில் அத்தீவுக்கு ஒரு பிரெஞ்சு யேசு சபைக் குருவானவர் அனுப்பப்பட்டார். ஹென்றி டி லொலானியே என்பது அவர் பெயர். 1920இல் பிறந்தவர், சபையில் சேருமுன் பாரிஸிலே விவசாய விஞ்ஞானம் பயின்றவர். அங்கு போனதும் அவர் செய்த முதல் வேலை போதிப்பது அல்ல, பார்ப்பது. வயல் வரம்பிலே நின்று, யார் எப்படி நடுகிறார்கள், யார் எப்போது தண்ணீர் கட்டுகிறார்கள் என்று ஆண்டுக்கணக்காகக் கவனித்தார். எல்லோரும் ஐந்தாறு நாற்றுக்களைச் சேர்த்து ஒரு பிடியாக நடுகையில், சிலர் ஒற்றை நாற்றாக நடுவதைக் கண்டார். எல்லோரும் வயலிலே தண்ணீரை நிற்கவிடுகையில், சிலர் பயிர் வளரும் பருவத்தில் நீரை வடியவிட்டு மண்ணை ஈரமாக மாத்திரம் வைத்திருப்பதைக் கண்டார். புத்தகம் இவற்றைப் பிழை என்றே சொல்லியிருக்கும். அவரோ குறித்து வைத்துக்கொண்டார். அந்தச் சிலரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்க வேண்டும். ஆராய்ச்சி நூல்களில் இது வழமைதான்: கண்டுபிடித்தவர் என்று ஒருவர் பெயர் நிற்கும், அவர் எவரிடம் கண்டாரோ அவர்கள் "விவசாயிகள்" என்ற பொதுச் சொல்லுக்குள் மறைந்துபோவார்கள்.

1981இல் அன்சிரபே என்னும் உயர்நிலப் பட்டினத்தில் ஏழைக் கமக்காரரின் பிள்ளைகளுக்காக அவர் ஒரு விவசாயப் பள்ளியைத் தொடங்கினார். 1983இல் மழை சரிவரப் பெய்யாத ஒரு பருவத்தில், ஒரு மாத நாற்றாக நடவேண்டியதைப் பதினைந்து நாள் நாற்றாகவே நடவேண்டி வந்தது. ஒற்றை நாற்று, ஒன்றுக்கொன்று 25 சென்ரிமீற்றர் இடைவெளி. பார்ப்பதற்குப் பரிதாபமான வயல். ஆனால் நாட் செல்லச் செல்ல அந்தச் சின்ன நாற்றுக்கள் மட்டம் வெடிக்கத் தொடங்கின. ஒரு நாற்றிலிருந்து இருபது, முப்பது என்று தண்டுகள் கிளம்பின. அடுத்தடுத்த ஆண்டுகளில் அவரும் மாணவரும் இன்னும் இளைய நாற்றுக்களை நட்டுப் பார்த்தனர். எட்டு முதல் பன்னிரண்டு நாள் நாற்றே சிறந்தது எனத் தெரிந்தது. வேர் அறுபடாமல் மெதுவாக எடுத்து நடுதல், நீரை நிறுத்தாமல் ஈரத்தை மட்டும் காத்தல், கையாற் தள்ளும் உருளைக் கருவியால் களையை நேரத்தோடு பலமுறை எடுத்தல் ஆகியன சேர்ந்தன. ஆரம்பத்தில் இரசாயனப் பசளையும் இட்டார்கள். எண்பதுகளின் கடைசியில் அரசாங்கம் பசளைக்கான மானியத்தை நிறுத்தியதும், ஏழைக்கு எட்டக்கூடியது கூட்டெருவே என்று அதற்கு மாறினார்கள். 1990இல் மலகாசி நண்பர்களுடன் சேர்ந்து ஒரு சங்கமும் அமைத்தார். அதற்கு இட்ட பெயர் "தெபி சாய்னா". மனத்தைச் செம்மைப்படுத்தல் என்பது அதன் கருத்து. நெல்லுக்கான சங்கத்துக்கு நெல்லின் பெயரை இடவில்லை என்பதைக் கவனியுங்கள். 1995இல் அடிகளார் காலமானார்.

அவர் இறக்கும் தறுவாயிலேதான் வெளியுலகம் விழித்துக்கொண்டது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோர்மன் அப்கொவ் என்னும் பேராசிரியர் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் றனோமபானா என்னும் காட்டுப் பகுதியின் அயலில் இம்முறையைக் கண்டார். இரண்டு தொன் விளைந்த வயல்களில் சராசரி எட்டுத் தொன் விளைந்ததாக அவரும் கூட்டாளிகளும் அறிவித்தனர். ஏக்கருக்கு 150 புசலுக்கு மேல்! நெல் விஞ்ஞானிகள் சிலர் இதனை நம்பவில்லை. 2004இல் வெளிவந்த கட்டுரைகளில் ஒன்று இக்கணக்குகளைப் பறக்கும் தட்டுக்களுக்கே ஒப்பிட்டது. அவ்வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை. அதைத் தீர்ப்பது நமது வேலையும் அன்று. எல்லா மண்ணிலும் எட்டுத் தொன் விளையாது என்பதும், பல இடங்களில் விதையும் நீரும் மிச்சமாகி விளைச்சலும் கூடியது என்பதும் போதும். இம்முறை பல நாடுகளுக்குப் பரவியது. தமிழ்நாட்டில் "ஒற்றை நாற்று நடவு" என்றும் "செம்மை நெல் சாகுபடி" என்றும் வழங்குகின்றது. இலங்கையிலும் சில கமக்காரர் செய்து பார்த்திருக்கிறார்கள்.

இனித்தான் நமது கேள்வி வருகின்றது. விதை குறைவு, நீர் குறைவு, பசளைக்குக் கடன் வேண்டாம், விளைச்சல் மிகுதி. ஏழைக்கென்றே வானத்திலிருந்து இறங்கிய முறை போலத் தோன்றுகிறதல்லவா? ஆனால் அது பிறந்த மடகாஸ்கரிலேயே, மிக வறிய கமக்காரர் பலர் அதனைக் கைக்கொள்ளவில்லை. கைக்கொண்டவர்களிலும் பலர் ஓரிரு போகம் செய்துவிட்டுக் கைவிட்டார்கள்.

"நல்லதைச் சொன்னாலும் கேட்கமாட்டார்கள்." அந்நாட்டிலும் இவ்வாக்கியம் பேசப்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை. முன்னோர் வழக்கத்தைக் கட்டிப் பிடிப்பவர்கள், நாளையை எண்ணாதவர்கள், சோம்பேறிகள்; இவையெல்லாம் அதன் உடன்பிறப்புக்கள்.

கிறிஸ்ரின் மோசர், கிறிஸ்ரோபர் பரெற் என்னும் இரு ஆய்வாளர் வேறு வழியைத் தெரிந்தனர். கிராமங்களுக்குச் சென்று, கைவிட்டவர்களிடமும் தொடாதவர்களிடமும் கேட்டனர். 2003இல் வெளியான அவர்தம் ஆய்வு தரும் விடையை, ஒரு வீட்டின் கணக்காக நாம் எண்ணிப் பார்க்கலாம். உயர்நிலத்தில் நடுகை ஆண்டின் கடைசியிலும் தை மாதத்தை ஒட்டியும் நடைபெறும். அறுவடை சித்திரை, வைகாசியில். சென்ற அறுவடையின் நெல் வறியவன் வீட்டில் அதுவரை தாங்குவதில்லை. கையில் நெல் இல்லாமல், வயலில் நெல் பச்சையாக நிற்கும் அந்த மாதங்களே அவர்களுடைய பஞ்ச மாதங்கள். அப்போது அவன் என்ன செய்வான்? நெல்லுள்ளவனின் வயலுக்குக் கூலிக்குப் போவான். அன்று வாங்கும் கூலிதான் அன்று இரவு அடுப்பில் வேகும் அரிசி. புதிய முறையோ அதே நாட்களில் அவனைத் தன் சொந்த வயலிலே நிற்கச் சொல்கின்றது. நாற்றை ஒவ்வொன்றாக நடு. தண்ணீரை இன்று விடு, நாளை வடி. களையை ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை எடு. கைப்பழக்கம் வரும்வரை, வழமையிலும் மிகுதியான நாட்கள் இதற்கு வேண்டும். ஆளை வைத்துச் செய்விக்கப் பணமில்லை. வைகாசியில் நிறைய விளையும் என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் வைகாசியில் விளையும் நெல்லைக் காட்டித் தை மாதத்தில் அழும் பிள்ளையின் வாயை அடைக்க முடியாது.

விளைச்சல் பொய் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தக் குருவானவரை அவமதிக்கவும் இல்லை. அவர்களுடைய கணக்கு நம்முடையதிலும் நீளமானது, அவ்வளவே. மாதச் சம்பளமோ வேறு வருமானமோ உள்ள வீடுகள் இம்முறையைத் தொடர்ந்து செய்தன. பசளையும் இயந்திரமும் வாங்க முடியாதவனுக்கென்று ஆக்கப்பட்ட முறை, நேரத்தை விலைகொடுத்து வாங்க முடியாதவனுக்கு எட்டவில்லை.

புனித லொயோலா இஞ்ஞாசியார் தமது ஞானப்பயிற்சிகளின் வாசலிலேயே ஒரு நிபந்தனையை வைத்திருக்கிறார். அயலான் ஒன்றைச் சொன்னால், அதனைக் கண்டிக்க முந்தாமல் நல்ல பொருள் கொள்ளவே முந்தவேண்டும். நல்ல பொருள் தெரியவில்லையாயின், நீ எதை நினைத்துச் சொன்னாய் என்று அவனையே கேட்கவேண்டும். பிழையாக நினைத்திருந்தாற்கூட அன்போடே திருத்தவேண்டும் என்பது அதன் கருத்து. யேசு சபையார் ஒவ்வொருவரும் குருமடத்திலேயே பயிலும் பாடம் இது. குருக்களாகிய நாமும் பயின்றிருக்கிறோம்; மறப்பதிலும் நாம் கெட்டிக்காரர். வாயாற் சொன்ன சொல்லுக்குத்தான் இந்நிபந்தனை என்று நினைப்பதற்கு நியாயமில்லை. ஒருவன் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேசாமற் போவதும் ஒரு சொல்தான். புனித தோமஸ் அக்குவைனாஸ் நீதியைப் பற்றி எழுதும் பகுதியிலேயே அவசரத் தீர்ப்பைப் பற்றியும் எழுதுகிறார் என்பது கவனிக்கத்தக்கது. போதிய காரணமின்றி அயலானைக் குறைவாக மதிப்பது அன்புக் குறைவு மாத்திரமன்று; அவனுக்குரியதை அவனுக்குக் கொடாதிருத்தல். கூலியைப் பிடித்து வைப்பது எந்த வகைக் குற்றமோ, நன்மதிப்பைப் பிடித்து வைப்பதும் அதே வகை.

கமக்காரனின் கணக்கை மதித்த ஒருவரின் கதி என்னவாயிற்று என்பதையும் வாசகர் அறிதல் நன்று. ரஷ்யாவில் அலெக்சாந்தர் சாயனோவ் என்னும் விவசாயப் பொருளாதார அறிஞர் இருந்தார். கமக்காரக் குடும்பங்களைப் பற்றித் திரட்டப்பட்ட பெருந்தொகையான விபரங்களை அவர் ஆராய்ந்தார். முதலாளியின் பேரேட்டுக் கண்ணால் பார்த்தால் அவர்கள் செய்கை புத்தியற்றதாகத் தெரியும்: நட்டத்துக்கும் உழைப்பார்கள், இலாபம் வரும் இடத்திலும் ஓய்ந்துவிடுவார்கள். சாயனோவ் வேறு கணக்கை முன்வைத்தார். வீட்டில் உண்ணும் வாய்கள் எத்தனை, உழைக்கும் கைகள் எத்தனை என்று பார். சின்னப் பிள்ளைகள் நிறைந்த வீடு ஏன் இரவு பகலாக உழைக்கிறது, பிள்ளைகள் வளர்ந்து கைகொடுத்த பின் ஏன் சற்று ஓய்கிறது என்பது விளங்கும் என்றார். இதனை விரிவாகக் கூறும் அவரது நூல் 1925இல் வெளிவந்தது. கமக்காரருக்கு எது நல்லது என்பதை அவர்களைக் கேளாமலே தீர்மானித்துவிட்ட ஓர் அரசாங்கம் அப்போது அங்கு நடந்தது. 1930இல் அவரைச் சிறைபிடித்தனர். 1937இல் சுட்டுக் கொன்றனர். குற்றமற்றவர் என்று 1987இல் அறிவித்தனர். அதற்கிடையில், பலாத்காரமாகக் கூட்டுப் பண்ணைகளாக்கப்பட்ட அந்நாட்டில் பஞ்சத்தால் மடிந்தவர்கள் இலட்சக்கணக்கில்.

அப்படியானால் ஏழை சொல்வதெல்லாம் வேதவாக்கா என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அப்படியன்று. முப்பது நாள் நாற்றைப் பிடிபிடியாக நடுவதும், நீரைத் தேக்கியே வைத்திருப்பதும் அந்தக் கமக்காரரின் பரம்பரை வழக்கந்தான். அதிலே பிழை இருந்தது. லொலானியே அடிகளார் அதனைப் பிழை என்று சொல்லத் தயங்கவில்லை. ஏழ்மை ஒருவனை ஞானியாக்கிவிடாது. பயமும் பழக்கமும் அயலான் சிரிப்பான் என்ற கூச்சமும் ஏழைக்கும் உண்டு. சோம்பலும் உண்டு, பணக்காரனுக்கு உள்ள அதே அளவில். நாம் சொல்வது முறையைப் பற்றியது. கேட்ட பின்பு பிழை என்று சொல்பவர் ஆசிரியர். கேளாமற் சொல்பவர், அவர் சொன்னது தற்செயலாகச் சரியாகவே இருந்தாலும், அநீதி செய்தவர்தான். இதனை ஏற்கச் சிலருக்குக் கடினமாக இருக்கும். சரியான முடிவு அநீதியாக எப்படி ஆகும் என்பார்கள். கைதியை விசாரியாமல் தண்டித்த நீதவான், அவன் உண்மையிலேயே குற்றவாளி என்று பின்னர் தெரிய வந்ததனால் நீதிமானாகிவிடுவாரா?

இன்னொன்றையும் பாருங்கள். களை எடுக்கும் அந்த உருளைக் கருவி தமிழ்நாட்டு வயல்களுக்கு வந்தபோது, குனிந்து களை பிடுங்கிய பெண்களின் வேலையைப் பல இடங்களில் ஆண்கள் நின்றபடி தள்ளிச் செய்யத் தொடங்கினர். சொந்த வயலில் கூலியில்லாமல் முதுகொடிந்த பெண்ணுக்கு அது விடுதலை. வயலே இல்லாத வீட்டுப் பெண்ணுக்கோ அது கைக்கு வந்த கூலியின் இழப்பு. ஒரே கருவி, ஒரே வயல். எத்தனை தொன் என்று மட்டும் எழுதும் ஆராய்ச்சியாளரின் அட்டவணையில் இவ்விருவருக்கும் இடமில்லை. மண்ணையும் விதையையும் நீரையும் ஆராய்வது விவசாய ஆராய்ச்சிதான். ஆனால் அன்று மாலை யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேட்கும்வரை அது பாதி ஆராய்ச்சியே.

லொலானியே அடிகளார் மடகாஸ்கருக்குப் போன அதே 1961இல், பாப்பரசர் புனித 23ஆம் அருளப்பர் "தாயும் ஆசிரியையும்" என்ற சுற்றுமடலை வெளியிட்டார். வாரக் குத்தகைக் கமக்காரர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கமத்தொழிலின் நிலையைப் பற்றி அதிலே நீண்ட பகுதியொன்று உண்டு. கமக்காரரின் முன்னேற்றத்துக்கு முதன்மையாகப் பொறுப்புடையவர்கள் கமக்காரரே என்று அவர் போதித்தார். அவர்களுக்காக வேறு யாரோ அல்ல.

நமது நாட்டில் இப்போதனைக்கு எதிர்மாறானதை நாம் கண்ணாரக் கண்டோம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளை நல்லதா என்றால் நல்லதே; அடிகளாரும் கூட்டெருவையே கடைசியில் நாடினார். ஆனால் அவர் ஒரு பள்ளிக்கூட வயலில், மாணவரோடு நின்று, ஆண்டாண்டாகச் சோதித்துப் பார்த்தார். இங்கோ ஒரு போகத்துக்குள் ஒரு நாடு முழுவதும் மாறவேண்டும் என்றார்கள். இத்தனை ஏக்கருக்கு வேண்டிய கூட்டெரு எங்கிருந்து வரும், யார் சுமப்பார், பயிர் பசுமை இழந்தால் விதைப்புக் கடனை யார் கட்டுவார் என்று கேட்ட கமக்காரருக்குப் பதில் இருக்கவில்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். காலம் கடந்துவிட்டது, அக்காலபோக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. வன்னியிலும் மட்டக்களப்பிலும் வயலை நம்பியிருக்கும் நம் வாசகர்களுக்கு இதனை நாம் விபரிக்க வேண்டியதில்லை.

அதிகாரிகளைச் சொல்லிவிட்டு நாம் தப்பிக்கொள்ளவும் கூடாது. பிள்ளையை ரியூசனுக்கு அனுப்பாத தாயையும், கொடுத்த தையல் இயந்திரத்தை விற்றுவிட்ட விதவையையும், இலவச மருத்துவ முகாமுக்கு வராத கூலியாளையும் பற்றி நமது வீடுகளில் எப்படிப் பேசப்படுகின்றது? வின்சென்ற் டி போல் சபையார் உதவி கேட்பவரைத் தம்மிடம் வரச் சொல்லாமல் அவர் வீட்டுக்கே போகவேண்டும் என்ற விதியை இன்றும் காப்பது இதற்காகத்தான். திண்ணையில் அரைமணி நேரம் இருந்தால், அந்த இயந்திரம் எந்த மாதத்தில் விற்கப்பட்டது என்பது தெரியவரும். பெரும்பாலும் அது ஒரு தை மாதமாகவே இருக்கும்.

மடகாஸ்கரில் பஞ்ச மாதங்களைப் பற்றிக் கேட்டறிந்தவர்கள் வேறொரு வழியையும் கண்டார்கள். அறுவடையின்போது எல்லோரும் விற்பதால் நெல்லின் விலை அடிமட்டத்துக்கு இறங்கும். கடன்பட்டவன் அப்போதே விற்று, தை மாதத்தில் அதே நெல்லை இருமடங்கு விலைக்கும் வாங்குவான். இதனைத் தடுக்கக் கிராமத்தவர் சேர்ந்து பொதுக் களஞ்சியம் அமைக்கும் வழக்கம் தொண்ணூறுகள் முதல் அங்கு பரவியிருக்கின்றது. அறுத்த நெல்லை அதிலே வைத்து, அதன்மேல் ஒரு கூட்டுறவுச் சிறுவங்கியிடம் கடன் பெறுவார்கள். பஞ்ச மாதம் வந்ததும் கடனைத் தீர்த்து நெல்லை மீட்டு உண்ணலாம், அல்லது நல்ல விலைக்கு விற்கலாம். களஞ்சியக் கதவுக்கு இரண்டு பூட்டுக்கள். ஒரு திறப்பு வங்கியிடம், மற்றது கமக்காரர் குழுவிடம். இத்திட்டத்தால் பலர் தை மாதத்தில் தம் சொந்த வயலிலே நிற்க முடிந்திருக்கின்றது. வைப்பதற்கு ஒரு மூட்டை நெல்கூட மிஞ்சாதவர்கள் இன்னும் அடுத்தவன் வயலிலேதான் நிற்கிறார்கள். அவர்களிடம் யாராவது போய்க் கேட்கவேண்டியிருக்கின்றது.